மலைநாட்டு மட்டக்கூரையும் அதன் ஒழுக்கும்

தமிழிலே கூரையைப்பற்றி வழங்குஞ் சொற்களை நோக்குவார்க்கு ஓருண்மை எளிதிற் புலப்படும். முகடு, இறப்பு, தாழ்வாரம், வேய்தல் என்பனவெல்லாம் சாய்ந்த கூரையைக் கண்டெழுந்த சொற்கள். உயர்ந்த முகட்டில் விழுந்த நீர் தாழ்ந்த இறப்பை நாடி ஓடுதலே கூரையின் இயல்பென நம் முன்னோர் கொண்டனர். மட்டமான மேற்றளத்தையோ அவர் நிலாமுற்றம் என்றும் அரமியம் என்றும் வேறு பெயரிட்டு வழங்கினர். கூதிர்காலத்து மழையைப் பொருளாகக்கொண்ட நெடுநல்வாடை, அரண்மனையின் நிலாமுற்றத்தைக் கூறுமிடத்து, அங்கு நிறைந்த மழைநீர் மகரவாய் போன்று அமைந்த தூம்பின் வழியே அருவியென வீழும் ஓசையையும் உடன் கூறுகின்றது. முற்றத்தைச் சொன்ன புலவர் நீர் போகும் வழியையுஞ் சொல்லாது விடவில்லை என்பது கருதத்தக்கது. இக்காலத்து ஹட்டன் பகுதியில் லயங்களோடு சேர்த்துக் கட்டப்படும் அறைகளின் மட்டக்கூரைகளிலே நாம் காண்பது இதற்கு மறுதலை. முற்றம் உண்டு, தூம்பு இல்லை. தூம்பு இருப்பினும் அதனை நோக்கி நீர் செல்லுஞ் சாய்வு இல்லை.

ஒழுக்கு என்னுஞ் சொல்லும் ஒழுக்கம் என்னுஞ் சொல்லும் ஒரே வினையடியாகப் பிறந்தவை. நீர் தன் ஒழுக்கத்தினின்று ஒருபொழுதும் வழுவுவதில்லை. தாழ்ந்த இடத்தையே அது நாடும். வழுவியவர் அதற்கு வழியமைத்தவரே. ஆதலின் ஒழுகுங் கூரையைத் திருத்தப் புகுவோர், எவ்விடத்து எதனைப் பூசலாம் என வினவுதற்கு முன், இங்கு வந்த நீர் எங்கே செல்லவேண்டியிருந்தது என வினவுதல் வேண்டும். இவ்வினாவை விடுத்துச் செய்யப்படுந் திருத்தம் ஒரு மழைக்காலத்தைக் கடத்தல் அரிது.

மட்டக்கூரையின் தாயகம் மழை குறைந்த நாடுகளே. நம்மவர் அதனை நன்கறிந்தது சென்னைப் பட்டினத்து வீடுகளிலே. 'மெட்ராஸ் டெரஸ்' எனப் பெயர்பெற்ற அக்கூரையின் அமைப்பை ஈண்டுச் சிறிது விரித்துரைத்தல் பொருந்தும். ஏனெனில் அதன் சாயலை மாத்திரம் நாம் மலைக்குக் கொணர்ந்தோம், அதன் சிறப்பைக் கொணர்ந்திலோம். சுவர்களின்மீது மரக்கட்டைகளை வரிசையாக இட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணச் சாந்திற் குத்துக்கல்லாக மூலைவாட்டில் அடுக்குவர். அதன்மேற் செங்கற் சல்லியுஞ் சுண்ணாம்புங் கலந்த கலவையைச் சில அங்குலக் கனத்திற் பரப்பிச் சாய்வு அமைப்பர். பின்னர் ஆடவரும் பெண்டிரும் வரிசையாய் அமர்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டைகளாற் பன்னாள் அதனை அடித்து இறுக்குவர். அது நன்கு இறுகிய பின்னரே தட்டோடுகள் பதிக்கப்படும். வேலையில் பெரும்பகுதி நீரைத் தடுப்பதற்கும் அதனை ஓட்டிவிடுவதற்குமே செலவாயிற்று என்பதை நோக்குக. பிற்காலத்திற் கொங்கிறீற்றுத் தளம் மரக்கட்டைகளின் இடத்தைப் பெற்றபோதும், தமிழ்நாட்டார் அதன்மேல் அச்சல்லித் தளத்தையுந் தட்டோட்டையும் இடும் வழக்கத்தை எளிதிற் கைவிட்டிலர். கொங்கிறீற்று பாரந்தாங்கும், மழையைத் தடுப்பது மேலுள்ள படையே என்பது அவர் துணிபு.

இனி நம்மூர்க்கு வருவோம். சென்னையில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீற்றர் மழை பெய்யும். அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதலிய சில மாதங்களுள் அடங்கிவிடும். எஞ்சிய காலத்தில் வெயில் தளத்தை உலர்த்தும். ஹட்டனோ கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல் உயர்ந்து, தென்மேல் பருவக்காற்றுக்கு முகங்கொடுத்து நிற்பது. அதன் அண்மையிலுள்ள வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரையுங் கடக்கும். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை, பெருமழை பெய்யாத நாளிலுந் தூறலும் மூடுபனியும் தளத்தை உலரவிடா. சென்னையிற் படைமேற் படையிட்டுக் காத்த கூரையை, அதனினும் மும்மடங்கு மழையுள்ள இடத்திற் படையொன்றுமின்றி வெறுந்தளமாக விடுகிறோம். ஒழுகாதிருப்பின் அன்றோ வியப்பு!

அங்ஙனமாயின் மக்கள் ஏன் மட்டக்கூரையை விரும்புகின்றனர்? இதனை அறியாமை எனத் தள்ளிவிடுதல் முறையன்று. லயத்துக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னீரடி அளவினது. மூன்று தலைமுறை அதனுள் வாழ்தல் இயலாதாயின், யாழ்ப்பாணத்தார் பத்தி இறக்குவதுபோல, முன்னோ பின்னோ ஓரறையைச் சேர்த்துக் கட்டுவர். பக்கவாட்டிற் பரவ நிலமில்லை. அடுத்த காம்பரா அடுத்த குடும்பத்துக்கு உரியது. ஆகவே வளர்ச்சி மேல்நோக்கியே அமையவேண்டும். இன்று தளம் போட்டால், கொழும்பிலோ வெளிநாட்டிலோ தொழில்புரியும் பிள்ளை பணம் அனுப்புங்காலத்தில் அதன்மேல் மற்றோரறை எழுப்பலாம் என்பது பெற்றோரின் கணக்கு. அன்றியுந் தகரம் துருவேறும், காற்றிற் பறக்கும், மழையில் இரையும். தளமோ நிலைத்த செல்வமாகத் தோன்றுகிறது. அவ்வறையே பலவிடங்களிற் பிள்ளைகளின் படிப்பறையாகவும் உள்ளது. நனைந்த கொப்பிகளை அடுப்பருகே உலர்த்தி, ஓரங்கள் புகையேறிக் கருகியபடி கொண்டுவரும் மாணவரை ஆனி ஆடி மாதங்களில் ஆசிரியராயினார் பலருங் காண்பர்.

கொங்கிறீற்று நீர் புகாத பொருள் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. சல்லி, மணல், சீமெந்து ஆகியவற்றைக் கையாற் கலந்து, வேலை எளிதாகும்பொருட்டு நீரை மிகுதியாக ஊற்றி இட்ட தளத்தில், அம்மிகை நீர் உலர்ந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகள் எஞ்சும். ஓடும் நீர் அவற்றுட் புகுதற்குக் காலம் பெறாது. தேங்கிய நீர் நாள்முழுதும் இருந்து புகும். பத்தடிக்குப் பன்னீரடித் தளத்தில் ஓரங்குல உயரம் நீர் தேங்கின் அதன் கனவளவு பத்துக் கனவடி. நிறையோ 624 இறாத்தல், அஃதாவது ஏறக்குறைய 283 கிலோகிராம். நான்கு பேர் ஓயாது கூரைமேல் அமர்ந்திருத்தலை இது ஒக்கும். பாரத்தால் தளத்தின் நடு சிறிது தாழும். தாழ்ந்தவிடத்து மேலும் நீர் தேங்கும். தேங்கிய நீர் மேலுந் தாழ்த்தும்.

உட்புகுந்த நீர் கம்பியை அடைந்ததும் வேறொரு தீங்கு தொடங்குகிறது. இரும்பு துருவாகுங்கால் தன் முந்திய பருமனினும் இருமடங்குக்கு மேற் பருக்கும். அப்பருமனுக்கு இடமின்மையாற் கொங்கிறீற்று பிளந்து, அடிப்பக்கம் பாளம் பாளமாகக் கழன்று விழும். தளத்தின் அடியில் வெண்ணிறக் கறை காணப்படின் நீர் சுண்ணத்தைக் கரைத்து இறங்குகிறது என அறியலாம், அது எச்சரிக்கை. செம்பழுப்புக் கறை காணப்படினோ கம்பி துருவேறிவிட்டது. அத்தளத்தின்கீழ்க் குழந்தைகளை உறங்கவிடுதல் தகாது. மின்விளக்குப் பொருத்திய இடத்தில் நீர் சொட்டின், திருத்தம் முடியும்வரை அவ்விளக்கின் மின்னிணைப்பைத் துண்டித்துவிடல் வேண்டும்.

ஆயினும் ஹட்டன் பகுதிக் கூரைகளில் ஒழுக்கின் முதற் காரணம் தளத்தின் நடுவன்று; லயச்சுவரும் புதிய தளமுங் கூடும் விளிம்பே என்பது எமது கருத்து. பழைய லயச்சுவர் பெரும்பாலுங் கருங்கல்லாலானது. நூறாண்டுக்கு மேலாக மண்ணில் அமர்ந்து, அமிழவேண்டிய அளவு அமிழ்ந்துவிட்டது. புதிய அறையின் அத்திவாரமோ, பலவிடங்களிற் சரிவை வெட்டி நிரப்பிய மண்ணின்மேல் நேற்று இட்டது. அது இன்னும் அமிழும். ஒன்று நிற்க மற்றொன்று தாழுமாயின் இடையே பிளவு தோன்றுதல் ஒருதலை. இஃதன்றி வெப்பமும் ஒரு காரணம். கொங்கிறீற்று ஒரு பாகை வெப்பத்துக்குத் தன் நீளத்திற் பத்திலட்சத்தில் ஏறத்தாழப் பத்துப்பங்கு விரியும். தை மாத விடியற் குளிருக்கும் நண்பகல் வெயிலிற் காயுந் தளத்தின் சூட்டுக்கும் 25 பாகை வேறுபாடு எனக் கொள்ளின், ஆறு மீற்றர் நீளத் தளம் ஒன்றரை மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். நாள்தோறும் அசையும் அவ்விளிம்பிற் பூசிய சீமெந்துச் சாந்து எங்ஙனம் பிளவாது நிற்கும்? நீர் புகுதற்கு மயிரிழைப் பிளவே போதும்.

அவ்விளிம்பின் இடர் இத்துடன் ஒழிந்தபாடில்லை. லயத்தின் தகரக்கூரை சாய்வது அவ்விளிம்பை நோக்கியே. பழைய கூரையில் வீழ்ந்த மழை, முன்னாளில் முற்றத்து வடிகாலில் இறங்கியது. இந்நாளில் நேரே புதிய தளத்தின்மேல், அதுவும் நலிந்த விளிம்பின் அருகிலே, கொட்டுகிறது. ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்யுமாயின் பத்தடிக்குப் பன்னீரடித் தளம் தன்னளவில் ஆயிரத்து நூறு லீற்றருக்கு மேற்பட்ட நீரைப் பெறும். இறப்பிலிருந்து வருவதையுஞ் சேர்ப்பின் அது ஏறக்குறைய இருமடங்காகும். தார்ப்பீப்பாக் கணக்கிற் பத்துக்கு மேல்! இவ்வளவையும் வெளியேற்றப் பலர் வைத்திருப்பது ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று. அதன் வாயிற் கருப்பந்தேயிலை மரத்தின் இலைகள் படிந்திருக்கும்.

திருத்தத் தொடங்குமுன் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். சேர்த்துக் கட்டிய அறை சமையலறையாயின், அடியிற் காணும் ஈரமெல்லாம் ஒழுக்கு அன்று. குளிர்ந்த தளத்தின் அடியில் உலைநீராவி பட்டுத் துளியாகும். மழையற்ற மாசி மாத விடியலிலுந் துளி சொட்டுமாயின் அதுவே காரணம். ஒரு சாண் அளவான பொலித்தீன் துண்டைத் தளத்தின் அடியில் நான்கு ஓரமும் நன்றாக ஒட்டி ஒருநாள் விட்டுவைக்க. அறைப்பக்கம் நனைந்திருப்பின் அது நீராவி; தளத்தைத் தொடும் பக்கம் நனைந்திருப்பின் அது கசிவு. நீராவிக்கு மருந்து புகைபோக்கியுஞ் சாளரமுமேயன்றித் தார் அன்று.

கசிவெனத் துணிந்தபின், சொட்டும் இடத்துக்கு நேர்மேலே பிளவைத் தேடுதல் வீண். நீர் ஓரிடத்திற் புகுந்து, கம்பியோரமாகச் சென்று, வேறிடத்தில் வெளிப்படும். மழையற்ற நாளில், தளத்தின் தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்கிச் சிறுசிறு பகுதியாக நீரூற்றி, ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம் பொறுத்துக் கீழே நோக்குக. சுவர் விளிம்பை இறுதியிலே சோதிக்கவேண்டும். முதலிற் சோதிப்பின் அந்நீர் எங்கும் ஓடி, மற்றையவற்றை மறைத்துவிடும். தூம்பை அடைத்துத் தளம் முழுதும் நீர் நிரப்பிச் சோதிப்பாருமுளர். முன்னர்க் கூறிய பாரக்கணக்கை நினைப்பின், அடிப்பக்கம் பிளந்த தளத்துக்கு அது ஆகாத சோதனை.

வழக்கமாகச் செய்யப்படுவது யாதெனின், வெடிப்புக்களின்மேற் சீமெந்துப்பாலை ஊற்றுதல். அடுத்த ஆண்டு அதன்மேற் சாந்து பூசுதல். அதற்கடுத்த ஆண்டு தார் பூசுதல். மூன்றாண்டுச் செலவைக் கூட்டிப் பார்ப்பின் முறையான திருத்தத்தின் செலவை அது அண்மித்திருக்கும். முறையான திருத்தம் சாய்விலே தொடங்குகிறது. மேசன்மார் இதனை வாட்டம் என்பர். அடிக்குக் கால் அங்குலம் என்பது நல்ல வாட்டம். பன்னீரடிக்கு மூன்றங்குலம் வரும். லயச்சுவர்ப் பக்கம் உயர்ந்தும் வெளிப்பக்கம் தாழ்ந்தும் இருத்தல் வேண்டும். தாழ்ந்த ஓரத்தில் ஓரங்குலமும் உயர்ந்த ஓரத்தில் நான்கங்குலமுமாகச் சாந்துப்படை இடின், சராசரிக் கனம் இரண்டரை அங்குலம். மொத்தம் 25 கனவடி. நிறையோ ஏறத்தாழ ஒன்றரைத் தொன்! இக்கணக்கைச் செய்யாது படையிட்டுத் தளத்தை வீழ்த்திக்கொள்ளலும் நேரக்கூடும். கம்பி துருவேறிய தளத்துக்கும், எத்தனை கம்பி எவ்விடைவெளியில் இடப்பட்டதென ஒருவருமறியாத தளத்துக்கும் இம்முறை விலக்கத்தக்கது. ஏனையவற்றுக்கும் பொறியியல் அறிந்தார் ஒருவர் நோக்கிய பின்னரே செய்தல் நன்று.

வாட்டம் அமைந்தபின் மூலைகளைக் கவனிக்கவேண்டும். தளமுஞ் சுவருஞ் சேரும் செங்கோண மூலையிற் சாந்தாற் சாய்கரை அமைத்து, அதன்மேலே நீர்காப்புப் படையை மடிப்பின்றி ஏற்றிச் சுவரில் ஆறங்குலமாவது உயர்த்துக. தார்த்தாளை அனலால் ஒட்டலாம். நூல்வலை பதித்து இரப்பர் போன்ற பூச்சை இரண்டு மூன்று முறை பூசலாம். எதுவாயினும் அசைவுக்கு இணங்கும் பொருளாதல் வேண்டும். அடுத்து, லயச்சுவரில் அப்படையின் மேலோரத்துக்குச் சற்று மேலாக ஓரங்குல ஆழக் காடி வெட்டி, அலுமினியம் அல்லது நாகத் தகட்டின் ஓரத்தை அதனுட் செருகி, மற்றைய ஓரம் படையின்மேற் கவிந்து தொங்குமாறு விடவேண்டும். தகடு சுவரோடு அசையும். படை தளத்தோடு அசையும். ஒன்றை ஒன்று கிழிக்கமாட்டாது. மழை தகட்டின் மேலே வழிந்து போகும். எத்துணை எளிய அமைப்பு! இதனைச் செய்யாது விட்ட கூரைகளே நம் பகுதியில் மிகுதி.

இவ்விடத்தே கைவினை கடந்த ஓரிடர் குறுக்கிடுகிறது. காடி வெட்டவேண்டிய சுவர் குடியிருப்போருடையதன்று. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும், லயம் தோட்டத்தின் உடைமையாகவே நின்றது. புதிய அறை தம் பணத்தாற் கட்டியது. அது சாயும் சுவரோ பிறருடையது. இசைவு கேட்கின் அறையே இசைவின்றி எழுந்ததென வினா எழும் என அஞ்சிச் சுவரைத் தொடாது, விளிம்பிற் சாந்தை அப்பிவிட்டு ஒதுங்குவோர் பலர். ஆகவே அவ்வொழுக்கிற்குப் பாதிக் காரணம் பிளவு. பாதிக் காரணம் உரிமையின்மை. 7 பேர்ச்சஸ் நிலத்தில் 550 சதுர அடியிற் கட்டப்படும் இந்திய உதவித் தனிவீடுகளில் இவ்விடர் இல்லை. 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்ததும் இவ்வரிசையிலேயே. எனினும் லயங்களில் வாழ்வோர் இன்னும் பல்லாயிரவர். அவர்க்கு யாம் கூறக்கூடியது, காடி வெட்டுவதற்கு எழுத்தில் இசைவு கேட்க என்பதே. ஒழுக்கு லயச்சுவரையும் நனைத்து அதன் சாந்தைக் கரைப்பதால், தோட்ட நிருவாகத்துக்கும் அதில் நலனுண்டு.

லயத்தின் இறப்பிற்குப் பீலி பொருத்தி, அந்நீரைக் குழாய்வழி வடிகாலிற் சேர்த்தல் சுவரை வெட்டாமலே செய்யக்கூடிய திருத்தம். பணம் சிறிதே உள்ளவர் முதலில் இதனைச் செய்க. தளத்துக்கு வரும் நீர் பாதியாகும். தூம்பு மூன்றங்குலத்துக்குக் குறையாதிருப்பதுடன், அது அடைபட்ட வேளைக்கு உதவுமாறு சற்று உயரத்தில் இரண்டாவது தூம்பும் வைக்கவேண்டும்.

இவையனைத்தையும் நோக்குமிடத்து, ஹட்டனின் மழைக்குச் சிறந்த திருத்தம் தளத்தின்மேல் ஒரு சாய்ந்த தகரக்கூரை இடுதலே என்போம். ஆறடிக்கு ஓரடி சாய்வு போதும். லயத்து இறப்புக்குந் தளத்துக்கும் இடையே இரண்டடிக்கு மேல் இடமிருப்பின், புதிய தகரத்தின் மேலோரத்தை அவ்விறப்பின்கீழே செருகிவிடலாம். விளிம்பு தானே மறைந்துவிடும். ஒன்றரைத் தொன் சாந்துக்கு ஈடாகச் சில தகரங்களுஞ் சட்டங்களுமே பாரம். ஆனி மாதக் காற்றுக்கு அவற்றைத் தளத்தில் இறுக்கிய ஆணிகளாற் பிணித்தல் வேண்டும்; கல்லும் மணல்மூட்டையும் ஏற்றிவைத்தல் முன்னர் இறக்கிய பாரத்தைத் திரும்ப ஏற்றுதலாகும். பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகளை இதற்கெனப் பெற்று வாளால் அறுத்தல் கூடாது. அத்தூள் நுரையீரலுக்குக் கேடு.

காலமும் ஒரு கருவி. நீர்காப்புப் படை உலர்ந்த தளத்திலே ஒட்டும். ஈரத்தின்மேல் ஒட்டியது, வெயிலில் உள்நீர் ஆவியாகிக் கொப்புளித்து எழும். தை, மாசி, பங்குனியே நமக்குரிய மாதங்கள். சித்திரையின் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடின் வேலையை ஒத்திவைத்து, அதுவரை பொலித்தீன் விரித்துக் காத்தல் நன்று.

இறுதியாக, மேல்மாடிக்கென நான்கு மூலையிலும் நீட்டிவிட்ட கம்பிகள். மழை அக்கம்பிவழி இறங்கித் தூணின் உள்ளே சென்று துருவை விதைக்கிறது. ஆண்டுகள் கழிந்து மாடி கட்டும்போது, பிணைக்கவேண்டிய கம்பி கைபட்டவுடன் உதிரும். துருவைக் கம்பித்தூரிகையாற் போக்கிச் சீமெந்துப்பால் பூசி, பின் உடைத்தெடுக்கத்தக்க வலிவு குறைந்த சாந்தினாற் கம்பி முழுவதையும் மூடிக் குறுந்தூண்போல் எழுப்பிவிடலாம். அதன் தலையைக் கூராகச் சாய்த்து, அடியைச் சுற்றி நீர்காப்புப் படையை ஆறங்குலம் ஏற்றுக. மாடி எழும் நாளில் இரண்டு மணி நேர உளிவேலை. கம்பி இட்ட நாளிற்போலவே இருக்கும்.